டயரின் வயது, நம் வினை

டயர் வெடித்து ஆள் போன வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனால், பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "விதி, என்ன செய்ய முடியும்?" சற்று நேரம் கழித்து ஒரு பெரியவர் உடம்பின் நிலையாமையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். என்னால் மட்டும் ஆட்ட முடிவதில்லை. நான் பாரிவாக்கத்தில் டயர் கடை வைத்துப் பிழைப்பவன். வெடித்த டயரைப் பார்த்தால் அதன் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைத்தான் என் கண் முதலில் தேடும். அவற்றைப் படித்த பிறகு 'விதி' என்ற சொல் வாயில் எளிதாக வருவதில்லை.

விதி எங்கே தொடங்குகிறது, நம் பொறுப்பு எங்கே முடிகிறது? இது பழைய கேள்விதான். வள்ளுவரே ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார்; அதைத் தாண்டிப் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம். மூன்றையும் ஒரே நூலில் வைத்தவர் எதையும் விளையாட்டாக வைத்திருக்க மாட்டார். பொச்சாப்பு என்றால் மறதி, அசட்டை. எங்கள் தொழிலில் உயிர் போகிற இடம் அதுதான். துக்க வீட்டில் ஊழ் அதிகாரத்தை மட்டும் நினைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். நான் படித்தவன் அல்ல. பூந்தமல்லியில் வாராவாரம் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருகிறவன். எனக்குத் தெரிந்த பொருள் ரப்பர். ஆகவே ரப்பரை வைத்தே இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

என் கடை ஆவடி போகும் சாலையில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த நெடுஞ்சாலையில் மேற்கே போனால் செம்பரம்பாக்கம் ஏரி, பிறகு இருங்காட்டுக்கோட்டை, பிறகு ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர், கடைசியில் காஞ்சிபுரம். 11ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லித் திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, காஞ்சி வரதராஜருக்குச் சுமந்து சென்றதும் இந்தத் திசையில்தான். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பறித்த பூ வாடுவதற்குள் பெருமாளிடம் சேர வேண்டும் என்பதே அந்தக் கைங்கரியத்தின் உயிர். கோயில் வழக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் வயது உண்டு. பெரும்பாலான பூக்கள் ஒருநாள் கழிந்தால் சாத்தத் தகாதவை. வில்வத்தையோ ஒருமுறை சாத்திய பிறகும் கழுவி மறுபடி சாத்தலாம். கண்ணுக்கு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நம் பெரியவர்கள் இதைத் தீர்மானிக்கவில்லை. இது எப்போது பறித்தது, இதன் இயல்பு என்ன என்று கேட்டார்கள். அதே கேள்வியைக் காரின் சக்கரத்தைப் பார்த்துக் கேட்க நமக்கு ஏன் தோன்றவில்லை?

அதுவும் இந்த வட்டாரத்தில்! சென்னையைச் சுற்றித் திரும்பிய பக்கமெல்லாம் டயர் ஆலை. அம்பத்தூரில் டன்லப் இருந்தது. ஆலையின் காலம் முடிந்தும் பெயர் வாயில் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய் கண்டிகையில் மிச்செலின். எல்லாவற்றுக்கும் முன்னால் 1946இல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து எம்.ஆர்.எஃப். ஆயிற்று. நிலையாமையை உரக்கப் பாடிய பட்டினத்தார் சமாதி கொண்ட ஊரும் அதே திருவொற்றியூர்தான். கடற்கரையில் அந்தச் சமாதிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

அதே நெடுஞ்சாலையில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயத் தடத்தை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் 1990இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் பந்தயமெல்லாம் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில். இருங்காட்டுக்கோட்டையின் முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். அங்கே சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கப் போகிற இளைஞர்கள் சிலர் வழியில் என் கடையில் காற்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆக்டேவியா ஆர்எஸ் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். முதல் உரிமையாளர் வண்டியை வீட்டு ஷெட்டிலேயே உறை போட்டு வைத்திருந்தாராம். ஓடோமீட்டரில் கிலோமீட்டர் மிகக் குறைவு. பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது.

"அண்ணா, டயரெல்லாம் புதுசு மாதிரியே இருக்கு. அலைன்மென்ட் மட்டும் பாத்துக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை டிராக்குக்குப் போறேன்."

டயரின் பட்டன் உயரம் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. வெளிப்பக்கம் தயாரிப்புத் தேதி இல்லை. பல டயர்களில் முழு எண் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டியைத் தூக்காமல் தெரியாது. லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் 2317. அதாவது 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். காரோடு வந்த டயர்தான் அது, ஒருநாளும் மாற்றவில்லை. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். நல்ல டயரில் நகம் சற்றே இறங்கி, எடுத்ததும் தடம் மெல்ல மறையும். இதில் நகம் வழுக்கியது. பள்ளத்தின் அடியில், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, முடியிழைக் கீறல்கள் சக்கரத்தைச் சுற்றி ஓடின. ரப்பரின் கடினம் பார்க்கும் சிறிய கருவி ஒன்று வைத்திருக்கிறேன். ஊசியை அழுத்தினால் எண் காட்டும். இந்த ரகத்துப் புது டயர் அறுபதுகளில் காட்டும். இது எண்பதைத் தொட்டது.

"பட்டன் இருக்கே அண்ணா?" என்றான்.

"பட்டன் இருக்கு தம்பி. ரப்பர் இல்ல."

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஓடாத டயர் எப்படிக் கெடும் என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி. உபயோகிக்காமல் பொத்தி வைத்தால் பொருள் அப்படியே இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். பட்டுப்புடவை விஷயத்தில்கூட அது முழு உண்மை இல்லை என்பது மடிப்பில் இழைவிட்ட புடவையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரப்பருக்குள் நடப்பது இதுதான். பச்சை ரப்பர் சூட்டில் பிசுபிசுக்கும், குளிரில் முறியும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் சேர்த்துச் சுட்டால் உறுதிப்படும் என்று கண்டார். ரப்பர் என்பது நீண்ட சங்கிலிகள். கந்தகம் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. நம் ஊர் பஞ்சர் கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருக்கிறார்களே, அது இந்த வேலைதான். ஆனால் ஆலையில் அச்சைத் திறந்து டயரை எடுத்ததோடு அந்த வேலை முடிந்துவிடுவதில்லை. உள்ளே எஞ்சிய கந்தகம் வெயிலும் சூடும் கிடைக்கும்போது மெதுவாகப் பாலம் போட்டுக்கொண்டே இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரு பக்கம் சங்கிலியை வெட்டுகிறது, இன்னொரு பக்கம் புதுப் பாலம் போட்டு இறுக்குகிறது. ஓசோன் மேல்தோலைக் கீறுகிறது. இவற்றைத் தடுக்க ஆலையிலேயே மெழுகும் காப்பு வேதிப்பொருள்களும் கலந்துதான் அனுப்புகிறார்கள். அவை தோலுக்கு வந்து, தாக்குதலைத் தாம் வாங்கிக்கொண்டு அழிகின்றன. டயரில் பழுப்பு நிறம் படர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். சக்கரம் உருண்டு ரப்பர் நெளிந்தால்தான் அந்தக் காப்பு நன்றாக மேலே வந்துகொண்டிருக்கும். நிறுத்தியே வைத்த வண்டியில் அது அவ்வளவாக வராது. ஷெட்டில் பத்திரமாக இருந்த டயர் ஓடிய டயரைவிட முன்னதாகக் கீறல் விடுவது இதனால்தான்.

வேக வண்டியின் டயரில் இந்த மூப்பு இன்னும் வலிக்கும். சாலையைப் பிடிப்பதற்கென்றே அதன் ரப்பரை மென்மையாக, சிலிக்காவும் பிசினும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்திருப்பார்கள். தாரில் உள்ள ஜல்லியின் மேடுபள்ளத்துக்குள் ரப்பர் இறங்கி, நெளிந்து, அந்த நெளிவிலேயே ஆற்றலைத் தின்பதுதான் பிடிப்பு. இறுகிய ரப்பர் ஜல்லியின் தலையில் மட்டும் உட்கார்ந்து போகும். உலர்ந்த சாலையில் நிதானமாக ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாமலேகூடப் போகலாம். ஐப்பசி மழையில், 100 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் ஒரு லாரி திடீரென்று பிரேக் போட்டால் தெரியும். பந்தயத் தடத்திலோ ஒவ்வொரு முறை கொதித்து ஆறும்போதும் ரப்பர் மேலும் இறுகும். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகள் சேர்ந்து ஒன்றரை டன்னைப் பிடிக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மூப்பும் உண்டு. டயருக்குள் அடைத்த காற்று ரப்பர் வழியாக மெல்ல வெளியே கசியும்போது, உள்ளே இருக்கும் இரும்புப் பட்டைகளை ஒட்டியிருக்கிற ரப்பரையும் ஆக்சிஜன் தின்றுகொண்டே போகிறது. பட்டையின் ஓரம்தான் அதிகம் சூடாகிற இடம். அங்கே ஒட்டு விட்டால் ஒருநாள் நெடுஞ்சாலையில் மேல்தோல் மொத்தமாக உரிந்து வரும். சூடு 10 டிகிரி ஏறினால் இந்த மாதிரி வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று ரப்பர்க்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பாரிவாக்கத்து மே மாத வெயிலில் நாளெல்லாம் நிற்கும் கறுப்பு டயருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கையேட்டில் போட்டிருக்கும் வயதை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்போது அந்தப் பெங்களூர் சாலையின் மறுகோடியில் இருக்கும் காஞ்சிக்கு வருகிறேன். ஒரு பொருள் எப்படி மூப்படைகிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய ஊர் அது. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத்தின் சார்புகளை விளக்குவது காஞ்சியில்தான். பௌத்தர்கள் சொன்னது கணபங்கம்: எந்தப் பொருளும் அடுத்த கணத்துக்கு அதே பொருளாக இருப்பதில்லை, நாம் ஒன்றென்று பார்ப்பது கணங்களின் தொடர்ச்சியை. காஞ்சியின் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர்கள் ஒப்பவில்லை. தோற்றம், கேடு, நிலைபேறு மூன்றும் ஒரே பொருளில் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன என்றார்கள். பொருள் நிற்கிறது, அதன் நிலை மாறுகிறது. நீலகேசி என்ற சமண நூல் பௌத்தர்களோடு இதை வரிந்து கட்டிக்கொண்டு வாதாடுகிறது. எங்கள் சித்தாந்தம் வேறு விதமாகச் சொல்லும். காரியம் காரணத்துக்குள்ளேயே முன்பே இருக்கிறது; இல்லாதது புதிதாகத் தோன்றாது. சற்காரியம் என்பார்கள்.

டயரைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் யோசித்துப் பாருங்கள். ஆலையில் சேர்த்த அதே கந்தகம்தான் டயருக்கு உயிர் கொடுத்தது, அதே கந்தகம்தான் கடைசியில் அதை இறுக்குகிறது. மூப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அல்ல, பிறப்பிலேயே உள்ளே இருந்தது. அந்த வகையில் சித்தாந்தம் சொல்வது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் கடையில் நின்று வேலை செய்கிறபோது எனக்கு உதவுவது பௌத்தர்களின் கண்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன வருடம் பார்த்த டயர் வேறு, இன்று பார்க்கிற டயர் வேறு. "போன தடவை பாத்தப்போ நல்லாதானே இருந்துச்சு?" என்று கேட்பவருக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் கணபங்கம். சைவனாக இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. உண்மை எந்தக் கோயில் வாசலில் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று தரப்பாரும் நிலையாமையைச் சொன்னது மனிதர்களைச் செயலற்று உட்கார வைக்க அல்ல. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என்று நிலையாமையை வரிசையாக வைத்துத் தொடங்குகிறது. அதைப் படித்தவனை அறம் செய்யச் சொல்லித்தான் அனுப்புகிறது. இது நில்லாது என்று தெரிந்தவன்தான் இதை எப்போது விட வேண்டும் என்றும் தெரிந்தவன். நாமோ நிலையாமையை ஆள் போன பிறகு சொல்லும் ஆறுதலாக மாற்றிவிட்டோம். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

உலகமே பேசிய ஒரு விபத்து உண்டு. 2013 நவம்பர் 30ஆம் தேதி, கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் போர்ஷே கரேரா ஜிடி கார் ஒன்று மோதி எரிந்தது. அதில் இருந்த நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவர் நண்பரும் இறந்தார்கள். விசாரணை செய்தவர்கள் வேகத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள்: மணிக்கு ஏறத்தாழ 130 முதல் 150 கிலோமீட்டர். காரில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் டயர்களுக்கு வயது ஒன்பது என்றும், அது காரின் கட்டுப்பாட்டைக் குறைத்திருக்கலாம் என்றும் சேர்த்து எழுதினார்கள். உலகத்தின் ஆகச் சிறந்த பொறியியல் ஒன்று. அது தரையைத் தொட்ட இடத்தில் ஒன்பது வருடத்து ரப்பர். வேகமா, டயரா என்று பிரித்துக் கேட்பதில் அர்த்தமில்லை. அந்த வேகத்தில் மன்னிப்பு இல்லாமல் போனதற்கு டயரின் வயதும் ஒரு பங்கு. அந்தப் பங்கைத் தெரிந்துகொள்ள ஒரு டார்ச் லைட் போதும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சித்தாந்தத்தில் வினையை மூன்றாகப் பிரிப்பார்கள். பல பிறவிகளில் சேர்த்து வைத்தது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்து வந்தது பிராரத்தம். இப்போது, இந்த நிமிடம், நாமே புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். துக்க வீட்டில் நாம் 'விதி' என்று சொல்வது பிராரத்தத்தை. ஆனால் நான்கு இலக்கத்தைப் படிக்காமல் வண்டியை எடுப்பது, படித்தும் "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்பது, கடைக்காரனாகிய நான் வியாபாரம் கெடுமே என்று வாயை மூடிக்கொள்வது, இவை எல்லாம் ஆகாமியம். இவற்றைப் பிராரத்தக் கணக்கில் எழுதுவது கணக்கையே பொய்யாக்குவது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின் சீட்டில் இருந்த குழந்தை என்ன செய்தது? அது அதன் பிராரத்தம் என்று சாத்திரம் சொல்லும். அப்படியானால் டயரைப் பார்க்காத தகப்பன் வெறும் கருவிதானா? சித்தாந்த வகுப்பில் இதைக் கேட்டபோது, பாடம் நடத்தும் ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பட்டவருக்கு அது பிராரத்தம், பார்க்காமல் விட்டவருக்கு அது ஆகாமியம். ஒரே நிகழ்ச்சி இரண்டு ஏட்டில் ஏறும். அடுத்தவர் ஏட்டை வாசித்துத் தன் ஏட்டை மறைக்கக் கூடாது" என்றார். அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் முழு நிம்மதி வரவில்லை. குழந்தையின் கணக்கைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. என் ஏட்டைப் பற்றித்தான் நான் பேசலாம்.

அப்படித் தன் ஏட்டைத் தானே திறந்த ஒரு தாயைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றி வந்த பேருந்து, சர்ரே பக்கம் முன்சக்கர டயர் வெடித்து மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதரை. இறந்தவர்களில் ஒருவன் பதினெட்டு வயதுப் பையன். அவனைவிட மூத்தது அந்த டயர். அப்போது அந்த நாட்டுச் சட்டப்படி டயரின் வயது ஒரு குற்றமே இல்லை. அவன் தாய் பிரான்சஸ் மொலாய் அதை விதி என்று விட்டுவிடவில்லை. பழைய டயருக்குத் தடை கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 2021 பிப்ரவரி 1 முதல், பத்து வயதைத் தாண்டிய டயரை லாரி, பஸ்களின் முன் அச்சில் போடக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. மகன் திரும்ப வரப்போவதில்லை என்று தெரிந்தே செய்த வேலை. நிலையாமையை உண்மையில் உணர்ந்தவர் யார் என்று என்னைக் கேட்டால் பந்தலில் தத்துவம் பேசும் நம்மைக் காட்ட மாட்டேன், அவரைக் காட்டுவேன்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு. பணக்காரர் வண்டியிலிருந்து பட்டன் பாக்கியோடு கழற்றும் டயர் குப்பைக்குப் போவதில்லை. கறுப்புப் பாலிஷ் போட்டு செகண்ட்ஸ் டயர் விற்கும் இடத்துக்குப் போகிறது. அதை வாங்குவது மாதத் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் கால் டாக்சி ஓட்டுநர், காய்கறி வண்டிக்காரர். "பட்டன் நல்லாருக்கு சார், பாதி விலை" என்கிற பேச்சில் வயது வராது. ஒருவர் கழித்துக்கட்டிய ஆபத்தை இன்னொருவர் காசு கொடுத்து வாங்குகிறார். அவர் பின்னால் உட்காரும் சவாரிக்கு எதுவும் தெரியாது. ஆகவே வயதான டயரைக் கழற்றினால் பக்கச் சுவரில் கத்தி போட்டு அறுத்துவிட்டுத்தான் பழைய சாமான்காரரிடம் கொடுக்கிறேன். சிலர் சண்டைக்கு வருவார்கள், "அதுக்கும் ஐநூறு ரூபா கிடைக்குமே" என்று. கிடைக்கும்தான். அந்த ஐநூறு ரூபாய் எந்த ஏட்டில் ஏறும் என்று நான் அவர்களிடம் கேட்பதில்லை, அறுத்துவிடுகிறேன்.

எத்தனை வருடம் என்று கேட்பீர்கள். ஐந்து வருடம் ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் டயர்க்காரர்கள். எப்படி இருந்தாலும் பத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். கார் கம்பெனிகள் பல ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. நம் வெயிலில், வேகமாக ஓடும் வண்டிக்கு, ஆறைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டெப்னியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கியின் சூட்டில் உருளாமலே படுத்திருக்கும் அதற்கும் வயது ஓடிக்கொண்டிருக்கிறது. பஞ்சரான அவசரத்தில், இரவில், குடும்பத்தோடு நிற்கும்போதுதான் அதை மாட்டுவோம்.

அந்த ஆக்டேவியா பையன் அந்த ஞாயிற்றுக்கிழமை தடத்துக்குப் போகவில்லை. நான்கு டயரும் மாற்ற அப்போது அவனிடம் பணம் இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்து மாற்றிக்கொண்டு போனான்.

ஆயுத பூஜை வந்தால் கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். அதை நான் பக்தியோடுதான் செய்கிறேன், விடச் சொல்லவில்லை. வண்டியை வணங்குவது என்றால் அதை அறிந்துகொள்வதும் சேர்ந்ததுதான். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சந்தனம் வைப்பதற்கு முன்னால் டார்ச் எடுத்து, ஐந்து டயரிலும் அந்தக் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். வெளியே இல்லாவிட்டால் உள்பக்கம் பாருங்கள்; குனிய முடியாதவர்கள் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படித்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு எழுதி வையுங்கள். வயது கடந்திருந்தால் அந்த வருடம் மாலையைச் சிறியதாக வாங்கிக்கொண்டு டயரை மாற்றுங்கள்.